கருப்பையும் அதன் அயலாரும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, இக்கொல்கத்தா நகரின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டுக்கு அருகே குடியிருக்கும் தமிழ் அம்மையார் ஒருவர் என்னிடம் வைத்திய ஆலோசனைக்கு வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். துணைக்கு மருமகள் வந்திருந்தாள். என்ன உபத்திரவம் என்று கேட்டேன். "வயிற்றிலே ஒரு கனம், டாக்டரம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. மருமகளைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் உண்மை வெளிவந்தது. 11 ஆண்டுகளாக அவருக்குக் கருப்பை கீழே இறங்கியிருந்தது. இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும். அதற்கு அஞ்சிக் கோயிலுக்குப் போவதை விட்டிருந்தார். ரயிலேறித் தஞ்சைப் பக்கத்துத் தம் ஊருக்குப் போவதையும் விட்டிருந்தார்.

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்று கேட்டேன்.

"எதை என்று சொல்வேன்? அதற்கு வாய்விட்டுச் சொல்ல ஒரு பேர் உண்டா? இருந்தாலும் இந்த ஊர்ப் பாஷையிலே சொல்ல எனக்குத் தெரியுமா?" என்றார்.

அந்த இரு கேள்விகளுக்கும் விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். பெண்ணின் இடுப்புக் கூட்டினுள் அமைந்துள்ள உறுப்புகள் யாவை, அவை ஒன்றுக்கொன்று எவ்வாறு அண்டை அயலாக இருக்கின்றன, அவற்றை எப்பெயரிட்டு அழைப்பது என்பனவற்றைக் கூற விரும்புகிறேன். கண்ணையும் காதையும் பற்றிப் பேசுவதில் நமக்குக் கூச்சமில்லை. நாம் அனைவரும் பத்து மாதம் குடியிருந்த இடத்தைப் பற்றிப் பேசுவதிலும் கூச்சம் வேண்டியதில்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லை என்று எண்ணுவது சரியன்று. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் என்னும் ஊரில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் என்பார், தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் பயிற்றுவித்தார். பிரசவ வைத்தியத்துக்கென்றே ஒரு தமிழ் நூலை வெளியிட்டார். 1872-ஆம் ஆண்டில் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெருநூலும் வெளிவந்தது. அங்காதிபாதம் என்பது உடற்கூற்று நூலுக்கு அந்நாளில் வழங்கிய பெயர். நூறாண்டுகளுக்கு மேலாகச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவை ஏட்டிலிருந்து வீட்டுக்கு வரவில்லை, குறை அதுவே.

நாம் வாழும் இந்நகருக்கும் இத்துறைக்கும் நெருங்கிய உறவு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி நிறுவப்பட்டது. சென்னை மருத்துவப் பள்ளி அதே ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி தொடங்கியது. ஐந்தே நாள் இடைவெளியில் பிறந்த உடன்பிறப்புகள் அவை. மறு ஆண்டு, 1836-இல், பண்டித மதுசூதன குப்தர் என்ற வங்க வைத்தியர், தம் சமூகத்தின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, இக்கல்லூரியில் மனித உடலை அறுத்துப் பயின்றார். அவர் சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். அன்று கோட்டையிலிருந்து பீரங்கி முழக்கப்பட்டதாகவும் சொல்வார்கள்.

ஆயினும் இக்கல்வி பெண்களுக்கு எளிதில் கிட்டவில்லை. அபலா தாஸ் என்ற வங்கப் பெண், பின்னாளில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியாகப் புகழ்பெற்றவர், கல்கத்தாவில் மருத்துவம் பயில இடமின்மையால் 1882-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் முதலிய பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. உடல்நலக் குறைவால் அபலா படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னர் கல்கத்தாக் கல்லூரியும் இணங்கியது. காதம்பினி கங்கூலி 1886-இல் அங்கே பயிற்சி முடித்து வைத்தியரானார். நாம் பிழைப்பைத் தேடித் தமிழகத்திலிருந்து வங்கத்துக்கு வந்தோம். நமக்கு முன்னரே ஒரு வங்கப் பெண் இவ்வறிவைத் தேடி நம் ஊருக்கு வந்தாள் என்பதை நினைவில் வைக்கலாம்.

இனி, கூட்டைப் பார்ப்போம்.

இடுப்பில் கை வைத்து நின்றால் இருபுறமும் கையில் தட்டுப்படுகின்றனவே, அவை இடுப்பெலும்புகள். முன்புறம் அவ்விரண்டும் பூப்பென்புப் பகுதியில் இணைகின்றன. பின்புறம் முதுகுத்தண்டின் கீழ்க்கோடியான திரிகமும், அதன் நுனியில் வாலெலும்பும் அமைந்து வளையத்தை நிறைவு செய்கின்றன. இவ்வளையத்துக்குக் கூபகம் என்று நூல்களில் பெயர். கிணறு போன்றது என்பது பொருள். ஆணின் கூபகம் குறுகி ஆழ்ந்தது. பெண்ணுடையது அகன்று ஆழம் குறைந்தது. பெண்ணின் கூபகத்துக்கு மேல்வாயில் பக்கவாட்டு அகலம் சுமார் 13 சென்டிமீட்டர். முன்பின் அளவு சுமார் 11 சென்டிமீட்டர். கீழ்வாயிலோ இக்கணக்கு மாறி, முன்பின் அளவே அதிகமாகிறது. ஆகையால், பிறக்கும் குழந்தை நேரே இறங்கி வருவதில்லை. தலையைப் பக்கவாட்டில் நுழைத்து, இறங்கும்போதே சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டு வெளிவருகிறது. குறுகிய மாடிப்படியில் கட்டிலை இறக்குபவர்கள் அதைச் சாய்த்தும் திருப்பியும் இறக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ வலி முதற் பேற்றில் பல மணி நேரம் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கூட்டில் மூன்று குடித்தனங்கள் இருக்கின்றன. முன்கட்டில் மூத்திரப்பை, பின்கட்டில் மலக்குடல், நடுக்கட்டில் கருப்பை. நகரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் விருந்தினர் வந்தால் அடுத்த வீட்டுக்கு இடம் குறையும். ஒரு வீட்டில் ஒழுகினால் அடுத்த சுவர் நனையும். கருவுற்ற பெண் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வது, வளரும் கருப்பை முன்கட்டை நெருக்குவதாலும்தான். நாட்பட்ட மலச்சிக்கலோடு முக்குவது நடுக்கட்டின் தாங்குசுவர்களைத் தளர்த்துகிறது. ஆகவே வைத்தியர் மாதவிடாயைப் பற்றிக் கேட்கும்போது மலத்தையும் சிறுநீரையும் பற்றியும் கேட்டால், சம்பந்தமில்லாததைக் கேட்கிறார் என்று எண்ணாதீர்கள்.

கருப்பை, தலைகீழாகக் கவிழ்த்த சிறு பேரிக்காயின் வடிவினது. நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர், அகலம் 5, கனம் 2.5, எடை 50 அல்லது 60 கிராம். நம்மில் பலர் எண்ணுவது போல அது காற்றடைத்த பை அன்று. தடித்த தசைச் சுவர்களுக்கிடையே மெல்லிய பிளவு போன்ற முக்கோண இடைவெளிதான் அதன் உள்ளிடம். நிறைமாதத்தில் இதே உறுப்பு சுமார் 1 கிலோகிராம் எடையுடையதாக வளர்ந்து, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்களில் ஏறத்தாழப் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. உடலில் வேறெந்த உறுப்பும் இவ்வாறு வளர்ந்து வடிவதில்லை.

பெரும்பாலான பெண்களிடம் கருப்பை மூத்திரப்பையின்மேல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஐந்தில் ஒருவரிடம் அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கலாம். அது அவரவர் உடலமைப்பே; பொதுவாக நோயன்று. "உனக்குக் கருப்பை திரும்பியிருக்கிறது, பிள்ளை பிறக்காது" என்று யாரேனும் சொன்னால், அதை நம்பிக் கலங்க வேண்டாம்.

கருப்பையின் உட்புறத்தே ஒரு மெல்லிய விரிப்பு உண்டு. ஒவ்வொரு மாதமும் கருவை வரவேற்க அது தடித்து வளர்கிறது. கரு வராவிடில் உதிர்ந்து வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். இதில் அசுத்தமான இரத்தம் என்று எதுவும் இல்லை. வந்த விருந்தினருக்காக விரித்த பாயை, அவர் வராதபோது சுருட்டி வைப்பது போன்ற செயலே அது.

பேரிக்காயின் காம்புப்புறம் கருப்பை வாய் எனப்படும். அது யோனி என்னும் வழிக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கிறது. இவ்விடம் சிறியதாயினும் மிக முக்கியமானது. நம் நாட்டுப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுக்கு அடுத்தபடியாக நிற்பது கருப்பை வாய்ப் புற்றே. ஆண்டுதோறும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியப் பெண்களுக்கு இது வருகிறது. இதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி. அது தொற்றியபின் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன. அந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்த அவகாசம். யோனி வழியே ஒரு கருவியைச் செலுத்தி இவ்விடத்தைக் கண்ணால் காணலாம். பஞ்சால் ஒற்றிச் சோதிக்கலாம். சில நிமிடங்களில் முடியும் காரியம். ஆயினும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு இருவர்கூட இச்சோதனையைச் செய்துகொண்டதில்லை. பெண்குழந்தைகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் சோதனை என்பது 2020-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழி.

கருப்பையின் மேல்முனைகளிலிருந்து இருபுறமும் ஒவ்வொரு குழாய் புறப்படுகிறது. நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். இத்தாலிய அறிஞர் பலோப்பியோ 1561-இல் இவற்றை விவரித்ததால் பலோப்பியன் குழாய் என்பர், தமிழில் கருக்குழாய். குழாயின் வெளிநுனி விரல்கள் போன்ற இழைகளாகப் பிரிந்து, சூலகத்தின்மேல் கவிந்து நிற்கிறது. சூலகம் வாதுமைக் கொட்டை போன்றது; நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. குழாயின் உள்வழி சூலகத்தோடு நேராக இணைக்கப்படவில்லை. மாதந்தோறும் சூலகம் வெளியிடும் முட்டையை, அவ்விரல்கள் நெருங்கி வந்து அள்ளிக்கொள்கின்றன. ஆணின் விந்தணு அம்முட்டையைக் குழாயினுள்ளேயே சந்திக்கிறது. கரு உருவாகி, மூன்று நான்கு நாட்கள் உருண்டு வந்து கருப்பையை அடைகிறது.

குழாயில் பழைய நோயினால் தழும்பு இருந்தால், சில வேளை கரு வழியிலேயே தங்கிவிடும். குழாய்க்கோ விரியும் வன்மை இல்லை. வளரும் கரு அதைக் கிழித்துவிடும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒருபுறம் கடும் வலியும், தலைசுற்றலும், மயக்கமும் வருமாயின், அது சூட்டு வலி என்று வீட்டில் படுக்கவைத்தல் ஆகாது. உள்ளே இரத்தம் பெருகிக்கொண்டிருக்கலாம். அன்றே, அந்த நாழிகையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பெண்ணின் முட்டைகள் அவள் வயதுக்கு வந்த பின்னர் உண்டாவன அல்ல. தாய் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சூலகங்களில் 60, 70 இலட்சம் முட்டை வித்துகள் உள்ளன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். பூப்பெய்தும்போது 3 அல்லது 4 இலட்சம். இவற்றுள் வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருவன 400 அல்லது 500 மட்டுமே. ஆகவே, ஒரு பாட்டி தன் மகளைச் சுமந்த போதே, பிற்காலத்தில் பேரக்குழந்தையாகப் பிறக்கப்போகும் வித்தையும் சேர்த்தே சுமந்தாள்.

சூலகமும் கருப்பையும் வேறு வேறு என்பதை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று ஒருவர் கூறும்போது, சூலகங்களையும் எடுக்கப்போகிறீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும். ஆனால் சூலகச் சுரப்புகள் தொடரும். இளவயதில் சூலகங்களையும் எடுத்துவிட்டால், எலும்பும் இதயமும் அந்த இழப்பைப் பின்னாளில் உணரும். எடுக்க வேண்டிய நோய்களும் உண்டு. ஆயினும் காரணம் கேளாமல் இசையலாகாது. இவ்வறுவையில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய், கருப்பை வாய்க்குப் பக்கத்தே சுமார் 2 சென்டிமீட்டர் தூரத்தில், கருப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் கீழே புகுந்து செல்கிறது. பாலத்தின் கீழ் நீர் என்று மாணவர்கள் இதை நினைவில் வைப்பர். ஹௌரா பாலத்தின் கீழே ஹூக்ளி ஓடுவதை நினைத்துக்கொண்டால் எந்நாளும் மறவாது. தேர்ந்த கைகள் அப்பாலத்தருகே மிக எச்சரிக்கையாகச் செல்லும்.

கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. டக்ளஸ் என்னும் அறிஞர் பெயரால் அது வழங்குகிறது. யோனியின் பின்சுவருக்கு அப்பால் அது மிக அருகில் இருக்கிறது. அதன் பக்கத்தே சூலகங்கள். இச்சிறு பள்ளத்தின் வழியே இந்நகரில் ஒரு பெருஞ்சாதனை நிகழ்ந்தது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் என்ற வைத்தியர், குழாய்கள் பழுதுபட்ட ஒரு பெண்ணுக்கு, யோனியின் பின்சுவர் வழியாகச் சூலகத்தை அணுகி முட்டைகளை எடுத்தார்; உடலுக்கு வெளியே கருவாக்கினார்; கருவைக் குளிரில் உறையவைத்துப் பாதுகாத்துப் பின்னர் கருப்பையில் வைத்தார். 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி பெண்மகவு பிறந்தது. 'துர்கா' என்ற பெயரால் அறியப்பட்டது. இங்கிலாந்தில் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது அவ்வாண்டு ஜூலை 25-ஆம் தேதி. அதாவது சில வாரங்களுக்கு முன்பு. இங்கே அமைந்த விசாரணைக் குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. மனமுடைந்து, 1981 ஜூனில் அவர் தம் உயிரைத் தாமே நீத்தார். 1986-இல் பம்பாயில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தையின் பெருமைக்குரிய விஞ்ஞானி ஆனந்த குமார், முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்தார். முதன்மை தமக்குரியதன்று, அவருக்கே உரியது என்று 1997-இல் தாமே எழுதி வெளியிட்டார்.

இவ்வளவு உறுப்புகளும் கீழே விழாமல் தாங்குவது எது? கூபகத்தின் அடியில் முன்னிருந்து பின்னாக ஒரு தசைவிரிப்பு ஏணை போலக் கட்டப்பட்டிருக்கிறது. பக்கங்களிலிருந்து நார்க்கட்டுகள் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டுள்ளன. பல பேறுகளும், ஓய்வில்லாப் பிரசவ காலமும், பாரம் சுமத்தலும், நாட்பட்ட இருமலும், மாதவிடாய் நின்றபின் சுரப்பு குறைதலும் இந்த ஏணையைத் தளரச் செய்கின்றன. அப்போது கருப்பை இறங்குகிறது. சில வேளை மூத்திரப்பையையும் உடன் இழுத்து வருகிறது.

இது விதியன்று, வைத்தியம் உண்டு. தொடக்க நிலையில் பயிற்சியே போதும். சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல அத்தசைகளை உள்ளிழுத்து, 5 விநாடி பிடித்து, பின் தளர்த்துங்கள். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. அடுப்படியில் நின்றபடியே செய்யலாம். மேலும் இறங்கியிருந்தால் உள்ளே பொருத்தும் வளையம் உண்டு; தேவையானால் அறுவையும் உண்டு.

இனி அந்த அம்மையாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். வங்க மொழியில் எவ்வாறு சொல்வது? அடிவயிறு என்பதற்குத் 'தொல்பேட்' என்பர். மாதவிடாய்க்கு 'மாஷிக்'. வெள்ளைபடுதலுக்கு 'ஷாதா ஸ்ராப்'. இரத்தம் 'ரொக்தோ'. கருப்பைக்கு 'ஜொராயு'. இக்கடைசிச் சொல் நமக்கு அந்நியமன்று. கருப்பையில் பிறக்கும் உயிர்களைச் சராயுசம் என்று நம் பழைய நூல்கள் வகைப்படுத்துகின்றன. அந்தச் 'சராயு'தான் இந்த 'ஜொராயு'. இந்த ஐந்து சொற்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபின் மீண்டும் இரத்தம் கண்டாலும், சேர்க்கைக்குப் பின் இரத்தம் கண்டாலும், நாற்றமுள்ள வெள்ளைபட்டாலும், அடிவயிறு நாளுக்கு நாள் பருத்தாலும் அச்சொற்கள் உடனே உதவும். மருமகளையோ பேரனையோ மொழிபெயர்க்க அழைத்துச் சென்று, அவர்கள் முன் சொல்லக் கூசி ஊமையாகத் திரும்பும் நிலை வேண்டாம்.

ஆண் நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தாயும் மனைவியும் தாமாக இதைச் சொல்லமாட்டார்கள். அவர்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டால், ஊர்ப் பயணத்தைத் தட்டிக் கழித்தால், ஏன் என்று ஒருமுறை பரிவோடு கேளுங்கள்.

அந்த அம்மையாருக்கு முதலில் வளையம் பொருத்தினேன். பிறகு அறுவை செய்யப்பட்டது. அடுத்த தைப் பொங்கலுக்கு அவர் ஹௌராவில் சென்னை ரயில் ஏறினார். திரும்பி வந்தபோது ஊரிலிருந்து ஒரு பை மாவடு கொண்டுவந்து கொடுத்தார். கூடவே தம் வயதொத்த சிநேகிதி ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். "இவளுக்கும் கருப்பை இறங்கியிருக்கிறது, டாக்டரம்மா" என்று, கூச்சமின்றி, பெயர் சொல்லியே சொன்னார்.